பிள்ளையின் விருப்பமும் நீதிமன்றத்தின் எடையும்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட வடிவம்)

பெற்றோர் பிரியும்போது பிள்ளை யாரிடம் வளர்வது என்பதை, மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோரைப் பொறுத்தவரை, 1976ஆம் ஆண்டின் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம் நெறிப்படுத்துகிறது. 1982 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் 88ஆம் பிரிவு, பிள்ளையின் நலனே தலையாயது என்கிறது. அதற்கு உட்பட்டு நீதிமன்றம் இரண்டைக் கருத வேண்டும்: பெற்றோரின் விருப்பம் ஒன்று, சுயமாகக் கருத்துச் சொல்லும் வயது வந்திருந்தால் பிள்ளையின் விருப்பம் மற்றொன்று. 18 வயது நிறையாத எவரும் இச்சட்டத்தின் கண்ணில் பிள்ளைதான்.

அவையோரே, இந்த இரண்டாவது விருப்பத்தைப் பற்றியதே இச்சொற்பொழிவு. பிள்ளையின் சொல்லுக்கு எவ்வளவு எடை தருவது என்பதை அதன் வயதைக் கொண்டு அளப்பதே பெருவழக்கு. வயது வேண்டியதுதான், ஆனால் அது போதாது. அந்த விருப்பம் யார் வீட்டில், எத்தனை காலத்தில், எந்தச் சூழலில் உருவானது என்று பார்க்காமல் அதற்கு எடை போட முடியாது. இங்கே முன்வைக்கப்படும் கருத்து இதுவே. கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயா, வடக்கே தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் எனப் பரந்த வட சிலாங்கூரின் இந்தத் தோட்டப்புற வட்டாரத்துக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்பதும் உடன் காட்டப்படும்.

1. சட்டம் வகுத்த வரிசை

88ஆம் பிரிவில் நலன் மேலே நிற்கிறது. விருப்பங்கள் அதற்குக் கீழே. பன்னிரண்டு வயதுப் பையன் தெளிவாகவும் உறுதியாகவும் “அப்பாவிடம் போகிறேன்” என்று சொன்னாலும், அப்பாவின் வீட்டில் அடி உதை இருப்பதாக நீதிமன்றம் கண்டால் அந்த விருப்பம் தோற்கும். விருப்பம் ஒரு சான்று. அதைக் கேட்கும் கடமை நீதிமன்றத்துக்கு உண்டு, அப்படியே நிறைவேற்றும் கடமை இல்லை.

முஸ்லிம் குடும்பங்களுக்கு மாநிலச் சட்டம் வேறு. சிலாங்கூரின் இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தில் தாயின் பராமரிப்பு உரிமை பையனுக்கு ஏழு வயதோடும் பெண்ணுக்கு ஒன்பது வயதோடும் முடிகிறது. நீதிமன்றம் அதை முறையே ஒன்பது, பதினொன்று வரை நீட்டலாம். அதன் பின், பகுத்தறியும் பருவம் எய்திய பிள்ளை யாரோடு இருப்பது என்று தானே தேர்ந்துகொள்ளலாம், நீதிமன்றம் வேறு விதமாக ஆணையிட்டால் ஒழிய. அங்கே பிள்ளையின் தேர்வு ஏறக்குறைய ஒரு விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. சிவில் சட்டத்தில் அது கருத்தில் கொள்ளவேண்டிய பலவற்றுள் ஒன்று.

இந்தியாவின் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர், காப்பிலுள்ளோர் சட்டம் இதைவிடப் பழையது. அறிவோடு விருப்பம் தெரிவிக்கும் வயது மைனருக்கு இருந்தால் நீதிமன்றம் அதைக் கருதலாம் என்று அதன் 17ஆம் பிரிவு கூறுகிறது. பிள்ளையின் வாயைத் திறக்கவிட்ட சட்டம் வெள்ளைக்காரன் காலத்திலேயே இருந்தது. பிள்ளை பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று இந்திய உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது 1973இல், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ரோஸி ஜேக்கப் வழக்கில்.

1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் விதி, தன்னைப் பாதிக்கும் எந்த நீதிமன்ற நடவடிக்கையிலும் நேராகவோ பிரதிநிதி வழியாகவோ கேட்கப்படும் வாய்ப்பைப் பிள்ளைக்குத் தருகிறது. மலேசியா 1995 பிப்ரவரியில் இதில் இணைந்தபோது பல விதிகளுக்கு விலக்குக் கோரியது. 12ஆம் விதி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் உடன்படிக்கை தானாகவே நாட்டுச் சட்டம் ஆகிவிடாது என்பதால், வழக்காடும் தாய்க்கும் தந்தைக்கும் கைப்பிடி 88ஆம் பிரிவுதான்.

அந்தப் பிரிவு “திருமணத்தின் பிள்ளை” என்ற அடிப்படையில் நிற்பதைத் தோட்டப்புறம் மறந்துவிடக் கூடாது. 1982க்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் பதிவானவையாகவே ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பின் கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டிச் சோறு போட்டு, தேசியப் பதிவிலாகாவில் பதியாமல் விட்ட திருமணம் அப்படி அல்ல. பிரிவு வரும் நாளில் பிள்ளைப் பொறுப்பு வழக்கு நேர் வழியில் போகாமல், பிள்ளையின் சட்டபூர்வ நிலை என்ன என்ற முன்கேள்வியில் சிக்கிக்கொள்கிறது. பிள்ளை என்ன விரும்புகிறது என்ற கேள்விக்கு வந்து சேரவே அப்போது காலம் பிடிக்கிறது.

2. வயது எவ்வளவு?

பிள்ளையின் கருத்து எத்தனை வயதிலிருந்து கணக்கில் வரும் என்று 88ஆம் பிரிவு எண் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பிரிவில் இருக்கும் ஒரே வயது ஏழு. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற அனுமானம் அங்கே உண்டு. தக்க சான்று காட்டி அதை முறியடிக்கலாம். பிள்ளையைக் கை மாற்றி மாற்றி அலைக்கழிப்பது நல்லதல்ல என்பதையும் அதே உட்பிரிவு நினைவூட்டுகிறது. நம் நாட்டில் பிள்ளை வழக்கமாக முதலாம் ஆண்டுக்குப் போய்வந்த வயதும் ஏழுதான். பள்ளிப் பையைத் தோளில் மாட்டும் பருவத்தில் அனுமானம் விலகுகிறது. பிள்ளையின் சொல்லுக்குக் காது கொடுக்கும் காலமும் ஏறக்குறைய அப்போதே தொடங்குகிறது.

எண் எழுதாமல் விட்டது குறை அல்ல. எட்டு வயதில் வீட்டு நிலவரம் முழுவதும் புரிந்து பேசும் பிள்ளை உண்டு. பதினான்கு வயதிலும், கடைசியாக யாரோடு இருந்ததோ அவர் சொன்னதையே ஒப்பிக்கும் பிள்ளையும் உண்டு. பதின்ம வயதில் வேறொரு நடைமுறைக் காரணமும் சேர்கிறது: பதினைந்து வயதுப் பையனை அவன் விரும்பாத வீட்டில் எந்த ஆணையாலும் நிறுத்தி வைக்க முடியாது. பஸ் ஏறிவிடுவான். அந்த வயதில் நீதிமன்றம் விருப்பத்துக்குப் பெரும்பாலும் இசைவதற்குக் கொள்கை மட்டும் காரணம் அல்ல.

இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், நீதிமன்றம் பார்க்கவேண்டியவற்றின் பட்டியலில் பிள்ளையின் விருப்பங்களையும் உணர்வுகளையும் முதலாவதாக வைத்து, அவற்றை வயதுக்கும் புரிந்துகொள்ளும் திறனுக்கும் ஏற்பக் கருத வேண்டும் என்கிறது. புரிதலை வயதோடு சேர்த்து எழுதியதால் நீதிபதியின் வேலை கூடுகிறது. அந்த வேலை நடக்கும் இடம் திறந்த நீதிமன்றம் அல்ல, நீதிபதியின் அறை.

3. நீதிபதியின் அறையில்

பிள்ளையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, தாயும் தந்தையும் பார்த்திருக்க, வக்கீல்கள் குறுக்கு விசாரணை செய்வது கொடுமை. ஆகவே நீதிபதி தம் அறையில், பெற்றோரை வெளியே இருத்திவிட்டு, பிள்ளையோடு பேசுவதே வழக்கம். மலேசியாவிலும் இந்தியாவிலும் இது வேரூன்றிய நடைமுறை.

தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி அந்த அறைக்குள் நுழைவதாகக் கொள்வோம். தோட்டத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி ஷா ஆலம் வந்திருக்கிறாள். நடவடிக்கை மொழி மலாய். வீட்டில் தமிழ் மட்டுமே பேசிய பிள்ளைக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் அமர்கிறார். அனுபவம் உள்ள நீதிபதி, அம்மாவா அப்பாவா என்று எடுத்த எடுப்பில் கேட்கமாட்டார். காலையில் யார் எழுப்புகிறார், பள்ளி விட்டு வந்ததும் சோறு போடுவது யார், தேர்வு அறிக்கையில் இருப்பது யார் கையெழுத்து, போன முறை காய்ச்சல் வந்தபோது கிளினிக்குக்குக் கூட்டிப்போனது யார், ராத்திரி யார் பக்கத்தில் படுக்கிறாள், அந்த வீட்டில் எதற்குப் பயம் என்று கேட்பார். பதில்களில் ஒரு நாள் முழுவதும் விரிகிறது. பிள்ளையை உண்மையில் வளர்ப்பவர் யார் என்பது பெற்றோரின் சத்தியப் பிரமாணப் பத்திரத்தில் தெரிவதைவிட இங்கே நன்றாகத் தெரியும்.

சொல்லிக்கொடுத்து அழைத்துவந்த பிள்ளையும் இங்கேதான் பிடிபடும். மாதம் எத்தனை வெள்ளி ஜீவனாம்சம் பாக்கி என்று எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால், அதைச் சொல்லிவைத்தவர் ஒருவர் இருக்கிறார். தாயின் ஒழுக்கத்தைப் பற்றிப் பெரியவர்களின் சொற்களில் பேசும் பிள்ளையும் அப்படியே. அண்ணனும் தங்கையும் தனித்தனியே வந்து ஒரே வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் சொன்னால், அந்த வாக்கியத்துக்கு எடை இல்லை. விருப்பத்தைவிட அதற்குச் சொல்லும் காரணம் முக்கியம். “அப்பா வீட்டில் வைஃபை இருக்கிறது, புது ஹேண்ட்போன் வாங்கிக் கொடுத்தார்” என்பது ஒரு காரணம். “அங்கே இருந்தால் என் பள்ளியிலேயே படிக்கலாம், அத்தை கணக்குச் சொல்லித் தருவார்” என்பது வேறு தரத்துக் காரணம். இரண்டும் விருப்பங்களே.

இம்முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளை சொன்னதைப் பெற்றோரிடம் முழுவதும் வெளியிட்டால், வீட்டுக்குப் போனதும் பிள்ளை அதற்குப் பதில் சொல்லவேண்டி வரும். வெளியிடாவிட்டால், தோற்ற தரப்பு தான் மறுக்க வாய்ப்பே கிடைக்காத ஒரு சான்றால் தோற்றதாக எண்ணும். சாரத்தை மட்டும் தீர்ப்பில் சொல்லி, சொற்களை அறைக்குள்ளேயே விட்டுவிடுவது ஒரு நடுவழி. சிங்கப்பூர் நீதிமன்றங்கள் பிள்ளைக்கெனத் தனிப் பிரதிநிதியை நியமிக்க முடியும். மலேசியச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் இருக்கும் ஒரு வாய்ப்பே இங்கே குறைவாகப் பயன்படுகிறது. இயன்றபோதெல்லாம், சிறார் நலனில் பயிற்சியோ அனுபவமோ உள்ளவரின் ஆலோசனையை நீதிமன்றம் கேட்க வேண்டும் என்கிறது 100ஆம் பிரிவு. அந்த ஆலோசனை நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. என்றாலும், மாவட்டச் சமூகநல அதிகாரி ஒருவர் இரண்டு வீடுகளையும் நேரில் போய்ப் பார்த்து எழுதும் அறிக்கை, அறையில் நடக்கும் அரை மணி நேரப் பேச்சுக்குத் தரை அமைத்துக் கொடுக்கும்.

4. விருப்பம் விளைந்த இடம்

மலேசியத் தமிழர் அறிந்த வழக்குகளில் இக்கேள்வி கூர்மையாக எழுந்தது தீபா வழக்கில். சட்ட அறிக்கைகளில் விரன் நாகப்பன் எதிர் தீபா சுப்ரமணியம் என்று பதிவான வழக்கு அது. இருவரும் இந்துக்களாகப் பதிவுத் திருமணம் செய்தவர்கள். பின்னர் கணவர் இஸ்லாத்தைத் தழுவினார். பிள்ளைகள் இருவர், மூத்தது பெண், இளையது ஆண். ஷரியா நீதிமன்றம் தந்தைக்கு ஓர் ஆணை தந்தது. சிரம்பான் உயர் நீதிமன்றம் 2014 ஏப்ரல் 7 அன்று திருமணத்தை முறித்து, பிள்ளைகள் இருவரையும் தாயிடம் ஒப்படைத்தது. இரண்டே நாளில் தந்தை மகனைத் தூக்கிச் சென்றார். பையனுக்கு அப்போது ஆறு வயது. அவனை மீட்க உயர் நீதிமன்றம் தனியே ஆணை பிறப்பித்தது. இரண்டு நீதிமன்றங்களின் ஆணைகள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதைக் காரணம் காட்டிப் போலீஸ் அதைச் செயல்படுத்தாமல் நின்றது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் கடந்து கூட்டரசு நீதிமன்றம் சென்றது.

2016 பிப்ரவரி 10 அன்று கூட்டரசு நீதிமன்றம் இரண்டு முடிவுகளைத் தந்தது. சிவில் சட்டப்படி நடந்த திருமணத்தின் முறிவையும் பிள்ளைப் பொறுப்பையும் முடிவு செய்யும் அதிகாரம், துணைவரில் ஒருவர் மதம் மாறினாலும், சிவில் நீதிமன்றத்துக்கே உரியது என்பது முதல் முடிவு. பல ஆண்டுக் குழப்பத்துக்கு அது ஒரு தெளிவு தந்தது. பத்திரிகைகளிலும் அதுவே பெரிதாகப் பேசப்பட்டது. இந்தச் சொற்பொழிவுக்கு வேண்டியது இரண்டாவது முடிவு. நீதிபதிகள் பிள்ளைகளைத் தம் அறையில் சந்தித்துப் பேசினர். பதினொரு வயது மகள் தாயோடு இருக்க விரும்பினாள். எட்டு வயது மகன் தந்தையோடு இருக்க விரும்பினான். மகள் தாயிடமும் மகன் தந்தையிடமும் இருக்க ஆணை ஆயிற்று.

மேலோட்டமாகப் பார்த்தால் 88ஆம் பிரிவு எழுத்துக்கு எழுத்து பின்பற்றப்பட்டிருக்கிறது: வயது வந்த பிள்ளைகள், கேட்கப்பட்ட விருப்பங்கள், அவற்றுக்கு இசைந்த ஆணை. ஆனால் அந்த இரு விருப்பங்களும் ஒரே நிலத்தில் விளையவில்லை. மகளின் விருப்பம் நீதிமன்ற ஆணைப்படி அவள் வாழ்ந்த வீட்டில் வளர்ந்தது. மகனின் விருப்பம், ஆணைக்கு மாறாக அவனைக் கொண்டுபோய் வைத்திருந்த வீட்டில், இருபத்திரண்டு மாதங்களில் வளர்ந்தது. ஆறு வயதிலிருந்து எட்டு வயது வரை ஒரு பையன் யாரோடு உண்டு உறங்குகிறானோ அவரோடு இருக்க விரும்புவதில் வியப்பு என்ன? அது பொய்யான விருப்பம் அல்ல. அவனைப் பொறுத்தவரை முழு உண்மை. ஆனால் சட்டம் கேட்பது சுயமான கருத்தை. ஒரு தரப்போடு மட்டுமே வாழவிட்டு, மறுதரப்பின் நினைவு மங்கிய பின் கேட்டுப் பெறும் விடை எவ்வளவு சுயமானது?

நீதிமன்றத்தின் இக்கட்டும் மெய்யானது. பையனைத் தாயிடம் திருப்பி அனுப்புவது இன்னொரு பெயர்த்து நடுதல். கை மாற்றி அலைக்கழிக்காதே என்று சட்டமே சொல்கிறது. காலம் கடந்த பிறகு எந்த முடிவு எடுத்தாலும் பிள்ளைக்கு ஒரு காயம் உண்டு. அந்த நிலையில் குறைந்த காயம் எது என்று பார்த்த தீர்ப்பாக அதைப் படிக்க இடம் இருக்கிறது. அப்படிப் படித்தாலும் ஒன்று மறுக்க முடியாதது: ஆணையை மீறியவருக்குக் காலம் துணை நின்றது, அந்தக் காலம் பிள்ளையின் வாயில் விருப்பமாக வந்து நின்றது.

ஓராண்டு கழித்து, 2017 பிப்ரவரியில், இந்திய உச்ச நீதிமன்றம் விவேக் சிங் எதிர் ரொமானி சிங் வழக்கில் ஏறக்குறைய இதே முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தது. இரண்டு வயது நிறையாத பருவத்திலிருந்து தந்தையிடம் வளர்ந்த எட்டு வயதுச் சிறுமி, தந்தையின் பக்கமே சாய்ந்தாள். தாயோடு வாழ்ந்து பார்க்கும் வாய்ப்பே கிடைக்காத பிள்ளைக்கு ஒப்பிட்டுத் தேர்வு செய்ய ஒன்றும் இல்லை என்று நீதிமன்றம் கருதியது. ஒரு பெற்றோர் மற்றவரிடமிருந்து பிள்ளையின் மனத்தை விலக்கிவிடும் போக்கைப் பற்றியும் அங்கே பேசப்பட்டது. பிள்ளை தாயிடம் ஒப்படைக்கப்பட்டது.

இரண்டு வழக்குகளின் உண்மைகள் ஒன்றல்ல. ஒன்றை மற்றதற்கு அளவுகோலாக்கக் கூடாது. கேள்வியில்தான் வேறுபாடு. என்ன விரும்புகிறாய் என்பதோடு நிற்பது ஒரு முறை. இந்த விருப்பம் எப்படி வந்தது என்று அடுத்தும் கேட்பது இன்னொரு முறை. 88ஆம் பிரிவின் சொற்கள் இரண்டாவது முறையையே வேண்டுகின்றன என்பது இச்சொற்பொழிவின் துணிபு.

ஈப்போவின் இந்திரா காந்தி வழக்கு இதன் இன்னொரு முனை. 2009இல் தந்தை கொண்டுபோனபோது கடைசிப் பெண் பதினொரு மாதக் குழந்தை. உயர் நீதிமன்றம் மறு ஆண்டே பிள்ளைகள் மூவரின் பொறுப்பையும் தாய்க்குத் தந்தது. பிள்ளையை மதம் மாற்றப் பெற்றோர் இருவரின் சம்மதமும் தேவை என்று கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29 அன்று தீர்ப்பளித்தபோது அந்தக் குழந்தைக்கு வயது பத்தை நெருங்கியிருந்தது. அப்போதும் அவள் தாயிடம் வந்து சேரவில்லை. நீதிபதியின் அறைக்கே வராத பிள்ளையிடம் விருப்பத்தைக் கேட்பது எப்படி?

5. பாட்டி வீட்டுப் பிள்ளைகள்

இதுவரை தாய், தந்தை என்று இரு தரப்பையே பேசினோம். வட சிலாங்கூரின் தோட்டப்புறத்தில் மூன்றாவது வீடு ஒன்று உண்டு. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாகி, லயங்களிலிருந்து குடும்பங்கள் வெளியேறிய பின், இளையவர்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். பிள்ளைகள் பாட்டியிடம் தங்கின. தாய் தொழிற்சாலையில் இரவு வேலை, தந்தை லோரி ஓட்டம் என்றிருக்கும் வீட்டில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும் சளிக்குக் கசாயம் வைப்பதும் பாட்டிதான். முன்பு தோட்டத்தில் ஆயாக்கொட்டகை ஒன்றாவது இருந்தது. அதுவும் போனபின் பாட்டியே எல்லாம்.

அந்தப் பிள்ளையிடம் அம்மாவா அப்பாவா என்று கேட்டால், “பாட்டி” என்று சொல்வது இயல்பு. பெற்றோர் இருவரிடமும் ஒப்படைப்பது விரும்பத்தக்கதல்ல என்று காட்டும் அசாதாரணச் சூழல் இருந்தால், உறவினரிடமோ தகுந்த வேறொருவரிடமோ பிள்ளையை ஒப்படைக்கலாம் என்கிறது 88ஆம் பிரிவு. வாசல் இருக்கிறது, ஆனால் குறுகியது. பிள்ளையின் விருப்பம் மட்டும் அதைத் திறக்காது.

இந்திய உச்ச நீதிமன்றத்தின் நீல் ரத்தன் குண்டு வழக்கு (2008) இதற்கு நல்ல விளக்கம். தாய் இறந்துவிட்டாள், அந்த இறப்பு தொடர்பான வரதட்சிணைக் குற்றச்சாட்டில் தந்தை சிக்கியிருந்தார், சிறுவன் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தான். கீழ் நீதிமன்றங்கள் அவனைத் தந்தையிடம் ஒப்படைத்தன. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அவனைத் தம் அறையில் சந்தித்தபோது தந்தையோடு போக விருப்பம் இல்லை என்று தெளிவாகச் சொன்னான். கீழ் நீதிமன்றங்களின் ஆணை நீக்கப்பட்டது. அங்கேயும் விருப்பம் தனியே வெல்லவில்லை. குற்றச்சாட்டு, வளர்ந்த சூழல் ஆகியவற்றோடு சேர்ந்தே எடை பெற்றது.

பாட்டி வீடு வேறொரு வகையிலும் கணக்கில் வரும். பாட்டி தந்தையைப் பெற்றவளானால், பிள்ளை “பாட்டியை விட்டு வரமாட்டேன்” என்று சொல்வதைத் தந்தையின் பக்கத்து வாக்காக எண்ணிவிட நேரும். அது தந்தைக்கு விழுந்த வாக்கு அல்ல. பாட்டி இன்னும் எத்தனை ஆண்டு பார்த்துக்கொள்ள முடியும், தந்தை அந்த வீட்டில் எத்தனை நாள் தங்குகிறார் என்று கேட்டால்தான் விடை துலங்கும்.

6. உடன்பிறந்தோர்

அண்ணன் தம்பி அக்காள் தங்கையரைப் பிரிக்கலாகாது என்று சட்டம் சொல்லவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் நலனையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்றே கூறுகிறது. தீபா வழக்கில் இருவரும் பிரிந்ததற்கு இது இடம் தந்தது. ஆனால் உடன்பிறந்தவரோடு சேர்ந்து இருக்க வேண்டும் என்பதும் பிள்ளையின் விருப்பமே. பெற்றோர் இருவரில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்கக் கேட்டால் அந்த விருப்பம் வெளியே வராது.

7. ஆணைக்குப் பின்

பிள்ளைப் பொறுப்பு ஆணை கல்லில் பொறித்தது அல்ல. தவறான தகவலின் பேரிலோ உண்மைப் பிழையின் பேரிலோ பிறந்த ஆணையையும், சூழ்நிலை பெரிதும் மாறியிருந்தால் எந்த ஆணையையும், நீதிமன்றம் 96ஆம் பிரிவின்படி மாற்றலாம். ஆறு வயதில் தாயிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளை பதின்மூன்று வயதில் தந்தையிடம் போக விரும்பினால், அந்த விருப்பத்தை மறுபடியும் நீதிமன்றத்தின் முன் வைக்க வழி இருக்கிறது. வார இறுதிச் சந்திப்பு, பள்ளி விடுமுறையில் தங்குதல் போன்ற நிபந்தனைகளை ஆணையிலேயே எழுதலாம். பிள்ளை இரு வீட்டையும் அறிந்தே வளர்வதால், பின்னாளில் அது சொல்லும் விருப்பத்துக்கு நம்பகம் கூடுகிறது. பிள்ளையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகாமல் தடுக்க 101ஆம் பிரிவு உதவும்.

அவையோரே, இவ்வட்டாரத்தில் பிரிவு நேரும் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் நாடுவது கோயில் தலைவரையும் பெரியவர்களையும். பேசித் தீர்ப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு தரப்பு பிள்ளையைத் தூக்கிச் சென்றபின் “கொஞ்சம் பொறுங்கள், பேசிப் பார்க்கலாம்” என்று மாதங்களை ஓட்டுவது நடுநிலை ஆகாது. பிள்ளையை வைத்திருப்பவருக்கு அது சாதகம். அந்த மாதங்கள்தான் பின்னர் நீதிபதியின் அறையில் பிள்ளையின் விருப்பமாகப் பேசும். போலீஸ் புகாரும் இடைக்கால ஆணைக்கான மனுவும் உடனே வேண்டும். பேச்சுவார்த்தை அதன் பக்கத்தில் நடக்கட்டும்.

பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் இடம் உண்டு. வழக்கு நடக்கும் வீட்டுப் பிள்ளையிடம் யாரைப் பிடிக்கும் என்று கேட்பது அவர்கள் வேலை அல்ல. வருகைப் பதிவேடு, பெற்றோர் சந்திப்புக்கு வந்தவர் யார் என்ற குறிப்பு, பிள்ளையின் நடத்தையில் கண்ட மாற்றம் ஆகியவற்றை நேர்மையாகப் பதிந்து வைத்திருந்தால், சமூகநல அதிகாரியின் அறிக்கைக்கு அவை உறுதியான ஆதாரம். அந்த அறிக்கையை 100ஆம் பிரிவின் கீழ்க் கேட்டுப்பெறும்படி நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வழக்கறிஞர்கள் தயங்கக் கூடாது.

இவ்வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்கு உரியவை. சிலாங்கூருக்கு அது ஷா ஆலமில் அமர்கிறது. கோல சிலாங்கூரிலிருந்தோ சபாக் பெர்ணத்திலிருந்தோ ஒவ்வொரு தவணைக்கும் போய் வருவது ஒரு நாள் சம்பளத்தை விழுங்கும். அந்தக் கணக்கில் பலர் மனுவே போடாமல் விட்டுவிடுகிறார்கள். வருமான வரம்புக்கு உட்பட்டவர்கள் சட்ட உதவித் துறையின் வழியாக வழக்கறிஞர் பெறலாம். மணவிலக்கும் பிள்ளைப் பொறுப்பும் அத்துறை ஏற்கும் வழக்குகளில் அடங்கும்.